ஐடி பங்குகள் இறங்குமா? நெல்லையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கும்போதும் மாலையில் கடைக்குப் போகும்போதும் யாராவது ஒருவர் நிறுத்தி, "அண்ணாச்சி, ஐடி பங்கு இறங்கும்போலத் தெரிகிறதே, விற்றுவிடலாமா?" என்று கேட்கிறார். நின்றபடியே சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் செபியிடம் (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. இந்தப் பங்கை வாங்குங்கள், அந்தப் பங்கை விற்றுவிடுங்கள் என்று இதில் எங்கும் சொல்லவில்லை.

குறுகிய கால இறக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஏறிக்கொண்டிருந்த பங்கோ குறியீடோ (பல பங்குகளின் விலைப்போக்கைச் சேர்த்துக் காட்டும் எண்) தன் அண்மை உச்சத்திலிருந்து சில நாட்களிலோ சில வாரங்களிலோ 5 முதல் 10% வரை கீழே வருவதைத்தான் இங்கே இறக்கம் என்கிறேன். 10% தாண்டினால் அதைத் திருத்தம் என்பார்கள். 20% தாண்டினால் கரடிச் சந்தை. இவை பேச்சு வசதிக்காக வைத்துக்கொண்ட கோடுகள். 9% விழுந்த பங்கு 10%ஐத் தொட்டதும் குணம் மாறிவிடாது.

5% இறக்கம் பெரும்பாலான ஆண்டுகளில் ஒருமுறைக்கு மேல் வரும். ஐடி பங்குகளில் இன்னும் அடிக்கடி வரும். ஆகவே "ஓர் இறக்கம் வரப்போகிறது" என்று சொல்லுவதற்குத் திறமை எதுவும் தேவையில்லை. எப்போது, எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு என்று சொல்லுவதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் உங்களைத் தவறான வழியில் அனுப்பியதாகிவிடும். குற்றாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். குளிக்கிறவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். மலைக்கு மேல் பெய்த மழை சில நிமிடங்களில் அருவியில் வந்து இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவனின் உயிர் போனது. இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அருவியின் அழகோடு அந்தப் பயமும் தெரியும்.

இப்போது நம் கேள்விக்கு வருகிறேன். மலைக்காடு ஏற்கெனவே நனைந்து ஊறியிருக்கிறதா, வானம் கறுத்திருக்கிறதா என்பதைப் பார்க்கலாம். பேரருவியில் தண்ணீர் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குப் பாதுகாப்பு வளைவைத் தாண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தையிலும் அவ்வளவுதான் முடியும். பலவீனம் கூடியிருக்கிறதா என்பதை ஓரளவு அளக்கலாம். தேதியைச் சொல்ல முடியாது. பலவீனத்தை அளந்துவிட்டுத் தேதியையும் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பதில்தான் பணம் போகிறது. என் பணமும் அப்படித்தான் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பலவீனம் கூடியிருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் லாபத்தையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறுவனத்தின் லாபம் 8% வளர்ந்த ஓர் ஆண்டில் பங்கு விலை 40% ஏறியிருந்தால், மீதி 32% எதிர்பார்ப்பின்மேல் நிற்கிறது. பிஇ விகிதத்தை (பங்கு விலையைப் பங்குக்கான லாபத்தால் வகுத்தால் வரும் எண்) அடுத்த துறையோடு ஒப்பிடாதீர்கள். அதே நிறுவனத்தின் கடந்த பத்தாண்டு விகிதத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, எத்தனை பங்குகள் சேர்ந்து ஏறுகின்றன என்று பாருங்கள். நம் ஐடி பங்குகளுக்கான நிஃப்டி ஐடி குறியீட்டில் பத்து நிறுவனங்கள் உண்டு. குறியீடு புதிய உச்சம் தொடும்போது அந்தப் பத்தில் ஏழெட்டு தங்கள் கடந்த 50 நாள் சராசரி விலைக்கு மேலே இருந்தால் அது ஒரு விதம். இரண்டு பெரிய நிறுவனங்கள் மட்டும் குறியீட்டைத் தூக்கிக்கொண்டு போக, மற்றவை ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தால் அது வேறு விதம். தேர் நகருகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, வடத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நான் மிகவும் நம்பும் குறி இதுதான்.

கடன் வாங்கிப் பங்கு வாங்குகிறவர்கள் பெருகியிருப்பதும் ஒரு குறி. விலை சற்று இறங்கினாலும் புரோக்கர் கூடுதல் பணம் கேட்பார். கொடுக்க முடியாதவரின் பங்குகள் விற்கப்படும். அந்த விற்பனையே விலையை இன்னும் இறக்கும். சிறிய இறக்கம் சில நாட்களில் பெரிதாவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

அமெரிக்கச் சந்தை தும்மினால் நம் ஐடி பங்குகளுக்கு ஏன் காய்ச்சல் வருகிறது?

நம் பெரிய ஐடி நிறுவனங்களின் வருமானத்தில் பாதியோ அதற்கு மேலோ வட அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்குள்ள வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் கடைச் சங்கிலியும் செலவைக் குறைத்தால் இங்கே ஒப்பந்தம் குறையும். நமக்கு மலை அமெரிக்காதான்.

நேரத்தையும் கவனியுங்கள். நம் சந்தை காலை 9.15க்குத் திறந்து மாலை 3.30க்கு மூடுகிறது. அமெரிக்கச் சந்தை நம் கடிகாரப்படி கோடையில் இரவு 7 மணிக்கும் குளிர்காலத்தில் 8 மணிக்கும்தான் தொடங்குகிறது. நள்ளிரவுக்குப் பிறகும் ஒன்றரை மணி, இரண்டரை மணி வரை நடக்கிறது. நாம் தூங்கும்போது அங்கே எல்லாம் முடிந்துவிடுகிறது. காலையில் நம் பங்கு படிப்படியாக இறங்குவதில்லை, இறங்கிய விலையிலேயே திறக்கிறது.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் வெளிநாட்டு வல்லுநர்கள் அங்கே வேலை செய்யத் தரப்படும் எச்1பி விசாவுக்கான புதிய விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. சனி, ஞாயிறு சந்தை இல்லை. திங்களன்று நிஃப்டி ஐடி சுமார் 3% விழுந்தது. அந்த வெள்ளிக்கிழமை மதியம் எந்த வரைபடத்தைப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டிய நாட்கள் எவை?

இது பயனுள்ள கேள்வி. வானிலையைப் போலல்லாமல் சந்தையில் சில இடிகளுக்குத் தேதி முன்பே தெரியும்.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பத்தாம் தேதியை ஒட்டி டிசிஎஸ் காலாண்டு முடிவை வெளியிடும். மற்றவை அடுத்தடுத்து வரும். ஆனால் அதற்கு முன்பே ஒரு முன்னோட்டம் கிடைக்கிறது. உலகின் பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் ஒன்றான அக்சென்ச்சரின் நிதியாண்டு ஆகஸ்டில் முடிவதால் அதன் முடிவுகள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் பின்பகுதியில் வரும். 2024 மார்ச் 21 அன்று அந்த நிறுவனம் தன் ஆண்டு வருவாய் மதிப்பீட்டைக் குறைத்தது. மறுநாளே நம் ஐடி பங்குகள் சரிந்தன. அமெரிக்க மத்திய வங்கி ஆண்டுக்கு எட்டு முறை கூடி வட்டியை முடிவு செய்கிறது. அமெரிக்க விலைவாசிப் புள்ளிவிவரம் மாதம் ஒருமுறை, நம் நேரப்படி கோடையில் மாலை 6 மணிக்கும் குளிர்காலத்தில் 7 மணிக்கும் வரும்.

முடிவு நாட்களில் லாபத்தைவிட வழிகாட்டுதலைக் கவனியுங்கள். வரும் ஆண்டு எவ்வளவு வளர்வோம் என்று நிறுவனமே சொல்லும் கணிப்பு அது. 2013 ஏப்ரல் 12 அன்று இன்ஃபோசிஸ் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வழிகாட்டுதலைத் தந்தது. ஒரே நாளில் பங்கு 21% விழுந்தது. பத்தாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 13 வியாழன் மாலை அதே நிறுவனம் 4 முதல் 7% வளர்ச்சிதான் என்றது. மறுநாள் வெள்ளி, சித்திரை முதல் நாள், அம்பேத்கர் பிறந்தநாள் விடுமுறை. வீடுகளில் எல்லோரும் கனி பார்த்து, கோயிலுக்குப் போய்வந்து, சனி ஞாயிறும் கழிந்து, திங்கள் காலை சந்தை திறந்தபோது பங்கு தடாலென்று கீழே கிடந்தது. அன்று 9%க்கு மேல் இழந்து முடிந்தது.

தேதி தெரியும் என்பதற்காகத் திசையும் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். அதே வகை முடிவு நாளில் பங்கு துள்ளி ஏறியதும் பலமுறை உண்டு. தேதி தெரிந்தால், அன்று எவ்வளவு பணம் அதில் இருக்கலாம் என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளலாம்.

ஆர்எஸ்ஐ 70ஐத் தாண்டிவிட்டது. விற்றுவிடலாமா?

வெல்ஸ் வைல்டர் என்பவர் 1978இல் கொடுத்த, பங்கு விலையின் வேகத்தை அளக்கும் கருவி ஆர்எஸ்ஐ. கடந்த 14 நாட்களில் ஏறிய வேகத்தையும் இறங்கிய வேகத்தையும் ஒப்பிட்டு 0 முதல் 100 வரை ஓர் எண் தரும். 70க்கு மேல் போனால் அளவுக்கு மீறி வாங்கப்பட்டது என்பார்கள். பங்கு வேகமாக ஏறியிருக்கிறது என்பதுதான் அந்த எண் சொல்லும் ஒரே செய்தி. வேகமாக ஏறிய பங்கு இன்னும் வேகமாக ஏறுவதுண்டு.

என் கதையைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தில் நிஃப்டி ஐடி 11,000 புள்ளிகளை ஒட்டி விழுந்தது. பிறகு ஏறத் தொடங்கியது. அந்த ஆண்டின் பிற்பாதியில் ஆர்எஸ்ஐ 70க்கு மேல் நிற்பதைப் பார்த்து, இறக்கம் நிச்சயம் என்று முடிவு செய்து, என்னிடமிருந்த ஐடி பங்குகள் எல்லாவற்றையும் விற்றேன். குறைந்த விலையில் திரும்ப வாங்கத் திட்டம். நான் எதிர்பார்த்தபடி இறக்கமும் வந்தது. ஆனால் அதற்குள் விலை இன்னும் ஏறிவிட்டிருந்தது. இறக்கத்தின் அடிமட்டமே நான் விற்ற விலைக்கு மேலே இருந்தது. விற்ற விலைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. 2022 ஜனவரியில் குறியீடு 39,000ஐத் தாண்டியது. பேத்தியின் படிப்புக்கென்று என் மனைவி சிறுகச் சிறுகச் சேர்க்கச் சொன்ன பங்குகள் அவை. அன்று அவள் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

என் கணிப்பு சரியாக இருந்தது. அப்படியிருந்தும் இழந்தேன். இந்த இரண்டும் ஒருங்கே நடக்கும் என்பதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியா விக்ஸ் உயர்ந்தால் இறக்கம் வரும் என்கிறார்களே?

அடுத்த 30 நாட்களில் நிஃப்டி 50 குறியீடு எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைகள் எதிர்பார்க்கின்றன என்பதை அது காட்டும். பெரும்பாலும் இறக்கம் தொடங்கிய பிறகுதான் எகிறும். முன்னறிவிப்பாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கணிப்பு சரியாக இருந்தால், விற்றுவிட்டுக் கீழே வாங்குவதில் லாபம்தானே?

பேனாவை எடுத்துக் கணக்குப் போடுவோம். ஏழு மாதம் முன் 1,200 ரூபாய்க்கு வாங்கிய பங்கு இன்று 1,500. விற்றால் லாபம் 300. ஓராண்டுக்குள் விற்பதால் 2024 ஜூலை 23 முதல் நடப்பில் உள்ள விகிதப்படி 20% வரி, அதாவது 60 ரூபாய். அதன்மேல் 4% செஸ் சேர்ந்தால் 62 ரூபாய் 40 காசு. விற்கும்போதும் வாங்கும்போதும் 0.1% பரிவர்த்தனை வரி. புரோக்கர் கட்டணம் வேறு. ஆக, 1,435 ரூபாய்க்குக் கீழே வந்தால்தான் அதே எண்ணிக்கையைக் கைப்பணம் சேர்க்காமல் திரும்ப வாங்க முடியும். 4%க்கு மேல் இறங்க வேண்டும். 5% இறக்கம் வருகிறது, அதில் நீங்கள் அடிமட்டத்தையே பிடிக்கிறீர்கள் என்றாலும் கையில் மிஞ்சுவது பங்குக்குப் பத்து ரூபாய்தான்.

திரும்ப வாங்கிய பங்கின் அடக்க விலை 1,200ஐவிடக் கூடுவதால் பிற்பாடு விற்கும்போது வரி குறையும் என்பது உண்மை. ஆனால் ஓராண்டு பொறுத்திருந்தால் விகிதமே 12.5%. அதிலும் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை. சிறு முதலீட்டாளர் பலருக்கு வரியே வராது.

அதோடு, சரியாக விற்பது ஒரு கணிப்பு, சரியாக வாங்குவது இன்னொரு கணிப்பு. பத்துக்கு ஆறு தடவை சரியாகச் சொல்லுகிறவர் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டும் சேர்ந்து சரியாவது நூற்றுக்கு 36 தடவைதான்.

ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமா?

விலை ஓர் அளவுக்கு இறங்கியதும் தானாக விற்கச் சொல்லும் ஆணை அது. பகலில் மெல்ல இறங்கும் விலைக்கு உதவும். 100 ரூபாய் பங்குக்கு 95இல் ஸ்டாப் லாஸ் வைத்திருக்கிறீர்கள், இரவு கெட்ட செய்தி வந்து காலையில் 89இல் திறக்கிறது என்றால் உங்கள் பங்கு 89ஐ ஒட்டித்தான் விற்கும். குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று வரம்பு வைத்திருந்தால் விற்காமலே நின்றுவிடும். ஐடி பங்குகளில் பெரிய அடிகள் பெரும்பாலும் இரவில் விழுவதால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

புட் ஆப்ஷன் வாங்கிப் பாதுகாத்துக்கொள்ளலாமே?

பங்கைக் குறித்த விலையில் பின்னால் விற்கும் உரிமையை விலைகொடுத்து வாங்குவதே புட் ஆப்ஷன். காப்பீடு போல அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் இறக்கத்தில் பணம் பண்ண நினைத்துத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரே எண்ணைச் சொல்கிறேன். 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93% பேர் நட்டமடைந்தார்கள் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. சராசரி நட்டம் ஆளுக்குச் சுமார் இரண்டு லட்சம் ரூபாய். இறக்கம் வரும் என்ற கணிப்பு சரியாக இருந்து, ஒரு வாரம் தாமதமாக வந்தாலும் அதற்குள் ஆப்ஷன் காலாவதியாகியிருக்கலாம். வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வருவது சிறிய இறக்கமா, பெரிய சரிவின் தொடக்கமா என்று எப்படிப் பிரித்தறிவது?

முதல் வாரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

2025 ஜனவரி 27ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் டீப்சீக் குறைந்த செலவில் செயற்கை நுண்ணறிவு மாதிரியை உருவாக்கியது என்ற செய்தியால் அதற்கான சில்லுகளை விற்கும் அமெரிக்க நிறுவனமான என்விடியாவின் பங்கு ஒரே நாளில் சுமார் 17% விழுந்தது. சுமார் 59,000 கோடி டாலர் சந்தை மதிப்பு அன்று போனது. இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. அந்த மாதிரி ஜனவரி 20ஆம் தேதியே வெளியாகிவிட்டது. ஒரு வாரம் உலகத்தின் கண்முன்னே கிடந்த செய்தி அது. விலை அதை ஏழு நாள் கழித்துத்தான் கேட்டது. மறுநாள் பங்கு 9% வரை மீண்டது.

இன்னொரு பக்கம், நம் நிஃப்டி ஐடி 2024 டிசம்பரில் 46,000ஐ எட்டியது. அங்கிருந்து ஒவ்வொரு படியும் சிறிய இறக்கம்போலவே தெரிந்தது. நடைப்பயிற்சியில் என்னோடு வருகிறவர்கள் ஒவ்வொரு படியிலும் "இதுதான் அடி" என்று வாங்கினார்கள். 2025 ஏப்ரல் தொடக்கத்தில், அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்புக்குப் பின், 31,000க்கும் கீழே போனது. மூன்றில் ஒரு பங்கு கரைந்தது. ஆனால் அதே ஏப்ரல் 9 அன்று வரியில் பெரும்பகுதி தள்ளிவைக்கப்பட்டதும் அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு ஒரே நாளில் 12% ஏறியது. பயந்து முந்தின நாள் விற்றவர் அந்த 12%ஐ இழந்தார்.

இறங்குவதற்கான காரணத்தைப் பாருங்கள் என்பதே என்னால் சொல்ல முடிந்தது. பயமோ கடன் நெருக்கடியோ காரணம் என்றால் பெரும்பாலும் விரைவில் மீளும். வட்டி விகிதம் உயர்வது காரணம் என்றால் நாளாகும். தொலைவில் வரப்போகும் லாபத்துக்கு இன்று கொடுக்கும் விலை வட்டி உயர உயரக் குறையும், ஐடி பங்குகளின் விலையில் பெரும்பகுதி அப்படிப்பட்ட லாபம்தான். 2022இல் அமெரிக்க வட்டி ஏறியபோது நாஸ்டாக் 33% இழந்தது. நிஃப்டி 50 அந்த ஆண்டு சுமார் 4% ஏறியும் நிஃப்டி ஐடி ஏறத்தாழ 26% விழுந்தது. லாபமே குறைவது காரணம் என்றால் இன்னும் நாளாகும். 2000 மார்ச்சில் 5,048 புள்ளிகளில் உச்சம் தொட்ட நாஸ்டாக், 2002 அக்டோபருக்குள் 78% விழுந்தது. பழைய உச்சத்தைத் திரும்பப் பார்க்க 2015 ஆயிற்று.

மகன் பெங்களூரில் ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். அவன் சம்பளத்தை ஐடி பங்கிலேயே போடச் சொல்கிறான். சரியா?

அவனுக்குத் தெரிந்த துறை என்ற நம்பிக்கை புரிகிறது. ஆனால் அந்தத் துறைக்கு ஆபத்து வந்தால் சம்பள உயர்வு, போனஸ், வேலை, பங்கு நான்கும் ஒரே வாரத்தில் அடிபடும். கங்கைகொண்டான் ஐடி பூங்காவில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதே பதில்தான். சேமிப்பாவது வேறு துறையில் இருக்கட்டும். தென்காசிக்குப் பக்கம் மத்தளம்பாறையில் உள்ள சோஹோவின் பங்கு எங்கே கிடைக்கும் என்றும் சிலர் கேட்கிறார்கள். அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். அதன் பங்கை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

டெலிகிராம் குழுவில் இறக்கத்தின் தேதியைச் சரியாகச் சொல்கிறார்கள். சேரலாமா?

பணம் வாங்கிக்கொண்டு பங்கு ஆலோசனை சொல்ல செபி பதிவு வேண்டும். பதிவெண்ணைக் கேளுங்கள், செபி இணையதளத்தில் சரிபாருங்கள். சரியாகப் பலித்ததை மட்டும் ஒட்டி வைத்துவிட்டு, பலிக்காததை அழித்துவிடுவது இந்தக் குழுக்களின் வழக்கம்.

என் கணிப்பு எவ்வளவு சரி என்று நானே சோதித்துப் பார்க்கலாமா?

கட்டாயம் செய்யுங்கள். கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். இன்றைய தேதி, குறியீட்டின் இன்றைய அளவு, எத்தனை நாளுக்குள் எத்தனை சதவீதம் இறங்கும், எதனால் அப்படி நினைக்கிறீர்கள். பேனாவால் எழுதுங்கள், அழிக்காதீர்கள். பணம் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். அத்தோடு, "இறங்காது" என்று ஒவ்வொரு வாரமும் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால் எத்தனை சரியாக வந்திருக்கும் என்றும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை வெல்லாத கணிப்பின்மேல் ஒரு ரூபாயும் வைக்க வேண்டாம்.

மகளுக்கு வரும் ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். பணம் ஐடி பங்கில் இருக்கிறது. இறக்கம் வருமா என்று மட்டும் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு தங்கை. அவருக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்தப் பணத்துக்கு இறக்கம் வருமா என்ற கேள்வியே வேண்டாம் அம்மா. கட்டணத்துக்கு வேண்டிய அளவை இந்த வாரமே விற்று வங்கியில் போட்டுவிடுங்கள். விற்ற பிறகு விலை ஏறினால் ஏறட்டும், அதைப் பார்த்து வருந்தாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படாத மீதிப் பங்குகளைத் தொடவேண்டாம். எஸ்ஐபி (மாதாமாதம் தவறாமல் போடும் முதலீடு) போய்க்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தவேண்டாம். விற்ற பணம் மறு வேலை நாளில் புரோக்கர் கணக்குக்கு வரும், அதை வங்கிக்கு மாற்ற இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி கேட்கும் கடைசித் தேதியை எண்ணி, இடையில் வரும் விடுமுறைகளையும் கழித்துக்கொண்டு விற்பனை ஆணையைப் போடுங்கள்.